விண்ணில் ஒரு சுளகு



திண்டுக்கல் சமவெளியில் நின்று மேற்கே நோக்கினால் பழனி மலைத்தொடர் நீலச் சுவர்போல் நீண்டு கிடப்பதைக் காணலாம். வத்தலக்குண்டு வழியாக மலையேறிக் கொடைக்கானல் செல்வோர் ஏரியைக் காண்கின்றனர், பூங்காவைக் காண்கின்றனர், குளிரை அனுபவித்துத் திரும்புகின்றனர். அதே மலையின்மீது, நம் மாவட்ட எல்லைக்குள்ளேயே, 1899ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சூரிய ஆய்வுக்கூடம் ஒன்று இருப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

1904ஆம் ஆண்டிலிருந்து, வானம் தெளிந்த நாள்களிலெல்லாம் அங்கே சூரியனைப் படமெடுத்து வந்தார்கள். கண்ணாடித் தட்டுகளிலும் படச்சுருள்களிலும் பதிந்த அப்படங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி கண்டறிந்ததும் இங்கேதான். இன்று அந்தத் தட்டுகள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டு, நூறாண்டுச் சூரிய வரலாறாக ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. படத்தைக் கழுவி உலர்த்தி அடுக்கி வைத்தவர்களுக்கு, நூறாண்டு கழித்து எவர் எதைத் தேடுவார் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. எறியாமல் வைத்தார்கள்; அதனால் இன்று கிடைத்தது.

இன்றைய சிறு விண்கலத்துக்கோ அந்த வசதி இல்லை. தான் காண்பவற்றுள் பெரும்பகுதியை அது எறிந்தே ஆக வேண்டும். எதை வைப்பது, எதை எறிவது என்பதை மனிதரைக் கேளாமல், கண நேரத்தில், அக்கலமே முடிவு செய்ய வேண்டும். அரிசியையும் உமியையும் பிரிக்க நம் வீட்டுத் தாய்மார்கள் கையிலெடுக்கும் சுளகு போன்றதொரு கருவியை விஞ்ஞானிகள் இப்போது விண்ணுக்கு அனுப்பத் தொடங்கியுள்ளனர். அந்தச் சுளகை எவ்வாறு முடைகின்றனர்? அதில் நமக்கு என்ன அக்கறை? சற்றே பொறுமையுடன் பார்ப்போம்.

பத்து நிமிடப் பேச்சு

பூமியைப் படமெடுக்கும் சிறு செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் 500 கிலோமீட்டர் அளவான உயரத்தில் சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 95 நிமிடம். ஒரு நாளைக்குப் பதினைந்து சுற்று. ஆனால் தரையிலுள்ள ஒரு நிலையத்தின் தலைக்கு மேலே அது வரும்போது, தொடுவானத்தில் தோன்றி மறுபக்கம் மறையும்வரை கிடைப்பது அதிகம் போனால் ஏறத்தாழப் பத்து நிமிடமே. அதுவும் ஒரு நாளில் சில முறைதான். பேச வேண்டியதையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் பேசி முடிக்க வேண்டும்.

நம் சமுதாயத்துக் குடும்பங்களுக்கு இந்த நிலை புதிதன்று. ஒரு தலைமுறைக்கு முன்பு துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் வரும் தொலைபேசி அழைப்புக்காகப் பக்கத்து வீட்டில் காத்திருந்த காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்று நிமிடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முன்கூட்டியே மனத்தில் வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். உம்மாவின் உடல்நிலையைச் சொல்ல வேண்டும். ஆடு குட்டி போட்டதைக் கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம். விண்கலத்தின் நிலையும் இதுவே.

ஒரு கணக்கைப் பாருங்கள். மாணவர்கள் உருவாக்கும் சிறு செயற்கைக்கோள்கள் பலவற்றில் உள்ள எளிய வானொலிக் கருவி, ஒரு நொடிக்கு 9,600 இரும இலக்கங்களை அனுப்பும். பத்து நிமிடத்தில் அது அனுப்பக்கூடியது 720 கிலோபைட். நம் கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு படம்கூட அதில் முழுமையாக இறங்காது! பெரிய செலவில் அமைந்த கலங்களில் வானொலியின் வேகம் பன்மடங்கு அதிகம் என்பது உண்மையே. ஆனால் காமிராவும் அதே விகிதத்தில் வளர்ந்துவிட்டது. ஒரே காட்சியை மனிதக் கண் காணாத நிறங்களையும் சேர்த்துப் பல பத்து நிறங்களில் பிரித்தெடுக்கும் காமிராக்கள் வந்துவிட்டன. குடம் பெரிதாகப் பெரிதாக வாய் மட்டும் குறுகியே இருக்கின்றது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. எந்த நேரத்திலும் பூமிப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மேகம் மூடியிருக்கின்றது. ஆகவே பத்து நிமிடத்துக்குள் முயன்று இறக்கிய படங்களைத் திறந்து பார்த்தால், பலவற்றில் வெண்மேகத்தைத் தவிர வேறொன்றும் இராது. நம் திண்டுக்கல் சமவெளி தன் மழையின் பெரும்பகுதியைப் பெறுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான். குளம் நிறைந்ததா, பயிர் மூழ்கியதா என்று வானிலிருந்து பார்க்க வேண்டிய அதே வேளையில் வானம் மூடிக்கிடக்கும். மேகங்களின் நடுவே சிறிது நேரம் திறக்கும் இடைவெளியில் எடுத்த ஒரு நல்ல படம், நூறு மேகப் படங்களின் அடியில் வரிசையில் காத்துக்கிடப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

ஆகவேதான், தரைக்கு இறக்கிய பின் பிரிப்பதைவிட மேலேயே புடைத்துவிட்டு மணிகளை மட்டும் அனுப்புவோம் என்ற எண்ணம் பிறந்தது.

கற்றுக்கொள்ளும் இயந்திரம்

மேகத்தையும் நிலத்தையும் பிரித்தறியும் வேலையை இப்போது 'நரம்பு வலை' என்னும் முறையில் கணிப்பொறிக்குக் கற்பிக்கின்றனர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்.

மதரஸாவில் சிறு பிள்ளைகளுக்கு அரபு எழுத்துகளைக் கற்பிக்கும் முறையை எண்ணிப் பாருங்கள். 'பா', 'தா', 'ஸா' மூன்றும் உடலால் ஒன்றே. கீழே ஒரு புள்ளி இருந்தால் 'பா'. மேலே இரண்டு இருந்தால் 'தா'. மூன்று இருந்தால் 'ஸா'. இவ்விதியைச் சொன்ன அளவில் பிள்ளை வாசித்துவிடுவதில்லை. பலகையிலும் ஏட்டிலும், பெரியதாகவும் சிறியதாகவும், திருத்தமாகவும் கிறுக்கலாகவும் எழுதப்பட்ட எழுத்தை நூறு முறை பார்த்து, தவறாகச் சொல்லி, திருத்தப்பட்டு, மீண்டும் பார்த்தே அதன் கண் பழகுகின்றது. பழகிய பின் எவர் எழுதினாலும் அது அடையாளம் கண்டுகொள்ளும்.

நரம்பு வலையும் இவ்வாறே பழகுகின்றது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் அதற்கு ஓர் எண். அந்த எண்களை வேறு சில எண்களால் பெருக்கிக் கூட்டி, வந்த விடைகளை அடுத்த அடுக்குக்கு அனுப்பி, மீண்டும் பெருக்கிக் கூட்டி, இறுதியில் 'மேகம்' அல்லது 'மேகமில்லை' என்று சொல்லும். பெருக்கும் எண்களுக்கு 'எடைகள்' என்று பெயர். விடை தவறும்போதெல்லாம் எடைகளைச் சிறிது சிறிதாகத் திருத்துவதே பயிற்சி. இப்பயிற்சி தரையிலுள்ள பெரிய கணிப்பொறிகளில் நடக்கின்றது. பயிற்சி முடிந்த பின் எடைகள் அடங்கிய கோப்பு மட்டும் விண்ணுக்கு ஏறுகின்றது. ஆசிரியர் கீழே இருக்க, படித்து முடித்த மாணவன் பணிக்குச் செல்வதைப் போல!

ஆனால் அம்மாணவன் செல்லும் இடம் வசதியற்ற இடம்.

நான்கு வறுமைகள்

1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பாப் ட்விக்ஸும், கால் பாலி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோர்டி புய்க்–சுவாரியும் சேர்ந்து, 'கியூப்சாட்' என்னும் அளவுமுறையை வகுத்தனர். பத்து சென்டிமீட்டர் நீள, அகல, உயரமுள்ள ஒரு பெட்டி. அதுவே ஓர் அலகு. பெரியது வேண்டுமெனில் மூன்று பெட்டி, ஆறு பெட்டி என அடுக்கிக்கொள்ளலாம். பல்கலைக்கழக மாணவர்களும் விண்கலம் செய்யலாம் என்ற நிலையை இதுவே உண்டாக்கிற்று. எனினும் சிறுமைக்கு ஒரு விலை உண்டு.

முதலாவது இட வறுமை. காமிரா, மின்கலம், வானொலி, திசை திருப்பும் கருவி யாவும் அப்பெட்டிக்குள் அடங்கிய பின் கணிப்பொறிக்குக் கிடைப்பது உள்ளங்கை அளவு இடமே.

இரண்டாவது மின்சார வறுமை. ஓர் அலகுப் பெட்டியின் பக்கங்களில் ஒட்டிய சூரியத் தகடுகள் தருவது ஓரிரு வாட் மட்டுமே. நம் வீட்டு இரவு விளக்குக்குப் போதும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் கலம் பூமியின் நிழலில் இருக்கும்போது கிடைக்காது.

மூன்றாவது குளிர்ச்சி வறுமை. விண்வெளி குளிரானதாயிற்றே என்று கேட்பீர்கள். அங்கே காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் மின்விசிறியால் பயனில்லை. சில்லில் பிறக்கும் வெப்பம் உலோகத்தின் வழியே கலத்தின் உடலுக்குச் சென்று, அங்கிருந்து கதிராக வெளியேற வேண்டும். அதற்கு வழி வகுக்காவிட்டால் சில்லு தன் சூட்டிலேயே கெடும்.

நான்காவது பாதுகாப்பு வறுமை. சூரியனிலிருந்தும் அண்டவெளியிலிருந்தும் வரும் மின்னேற்றத் துகள்களிலிருந்து தரையில் நம்மைக் காப்பவை காற்று மண்டலமும் பூமியின் காந்தப்புலமும். மேலே அந்தக் காவல் குறைவு. இதன் தீமையைப் பின்னர் விளக்குவேன்.

அஞ்சறைப் பெட்டி தந்த பாடம்

இந்த வறுமைகளுக்கிடையே, ஒரு படத்துக்குக் கோடிக்கணக்கான பெருக்கல்களைச் செய்யும் கருவியை எவ்வாறு வடிவமைப்பது?

முதற்பாடம் சமையலறையில் இருக்கின்றது. சோம்பு, பட்டை, கிராம்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை கடைத்தெருவுக்குப் போய்வந்தால் பிரியாணி என்றைக்கு ஆவது? அரைப்பதற்கு ஆகும் உழைப்பைவிட நடைக்கு ஆகும் உழைப்பே பெரிதாகிவிடும். கணிப்பொறியிலும் அதுவே. ஓர் எண்ணைப் பெருக்குவதற்கு ஆகும் மின்சாரத்தைவிட, அந்த எண்ணைச் சில்லுக்கு வெளியே உள்ள நினைவகத்திலிருந்து எடுத்து வருவதற்கு நூறு மடங்குக்கும் மேல் செலவாகின்றது. ஆகவே நரம்பு வலைக்கென வடிவமைக்கும் சில்லுகளில், அடுப்பருகே அஞ்சறைப் பெட்டி வைப்பதுபோல், பெருக்கும் உறுப்புகளின் பக்கத்திலேயே சிறு நினைவகங்களை வைக்கின்றனர். ஒரு முறை எடுத்த எண்ணை எறியாமல் பல பெருக்கல்களுக்குப் பயன்படுத்துகின்றனர்.

இரண்டாவது பாடம் சிக்கனம். தரையில் ஓர் எடையை 32 இரும இலக்கங்களால் எழுதுவது வழக்கம். 16 அல்லது 8 இலக்கங்களால் எழுதினாலும் விடை பெரும்பாலும் மாறுவதில்லை. தங்கத்தை மில்லிகிராம் கணக்கில் நிறுக்க வேண்டும். ஒட்டன்சத்திரம் சந்தையில் வெங்காய மூட்டையை அவ்வாறு நிறுப்பாருண்டோ? இலக்கத்தைக் குறைத்தால் நினைவகமும் மின்சாரமும் சேர்ந்து குறைகின்றன. விடையை மாற்றாத எடைகளை அடியோடு நீக்கி வலையை மெலியச் செய்வதும் உண்டு.

மூன்றாவது, எவ்வகைச் சில்லு என்னும் தேர்வு. திண்டுக்கல் வாசிகளுக்குப் பூட்டைக் கொண்டு சொன்னால் எளிதில் விளங்கும். ஒரே சாவிக்கென்றே உள்நெம்புகளை அறுத்துச் செய்த பூட்டு உறுதியானது, இலகுவாகத் திறப்பது; ஆனால் பின்னர் மாற்ற முடியாது. ஒரே வேலைக்கென வார்க்கப்பட்ட சில்லும் அத்தகையதே: மிகக் குறைந்த மின்சாரத்தில் மிக விரைவாக இயங்கும், ஆனால் மேலே போன பின் அதன் உள்ளமைப்பு மாறாது. இதற்கு மாறாக, உள்ளிணைப்புகளைத் தரையிலிருந்து கட்டளை அனுப்பி மாற்றியமைக்கக்கூடிய சில்லுகளும் உள்ளன. இவற்றை 'எஃப்.பி.ஜி.ஏ.' என்பர். மின்சாரம் சற்றுக் கூடுதலாகக் குடித்தாலும், ஏவிய பின் திருத்தலாம் என்பது இவற்றின் பெருஞ்சிறப்பு. திருத்தக் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும் கருவிக்கு இது சிறிய வசதியன்று.

ஒரு புள்ளி இடம் மாறினால்

முன்னர் சொன்ன நான்காவது வறுமைக்கு வருவோம். அதிவேகத் துகள் ஒன்று சில்லைத் துளைத்துச் செல்லும்போது, நினைவகத்தில் 0 என்றிருந்தது 1 ஆகவும், 1 என்றிருந்தது 0 ஆகவும் புரண்டுவிடக்கூடும். அரபு எழுத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். 'பா' என்றிருந்தது வேறோர் எழுத்தாகிச் சொல்லே மாறிவிடுகின்றது. எடை எண்ணின் கடைசி இலக்கம் புரண்டால் பெரிய தீங்கில்லை. முதல் இலக்கங்களில் ஒன்று புரண்டால் மேகம் நிலமாகவும் நிலம் மேகமாகவும் தோன்றக்கூடும்.

இதற்குப் பழைய மருந்து, கதிர்வீச்சைத் தாங்குமாறு தனியே செய்த சில்லுகள். அவை விலை மிக்கவை. வேகத்தில் பல தலைமுறை பின்தங்கியவை. 2021இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியின் முதன்மைக் கணிப்பொறி அதிகபட்சம் 200 மெகாஹெர்ட்ஸ் வேகமுடையது. இது 1990களின் இறுதியில் வீட்டுக் கணிப்பொறிகள் இருந்த வேகம். அதே ஊர்தியோடு சென்ற 1.8 கிலோ எடையுள்ள இன்ஜென்யூட்டி ஹெலிகாப்டரிலோ கைப்பேசிக்கென விற்கப்பட்ட சில்லே பொருத்தப்பட்டது. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பிய அது, 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. சந்தையில் கிடைக்கும் சில்லையும் தக்க காவலோடு விண்ணுக்கு அனுப்பலாம் என்ற துணிவை இது வளர்த்தது.

அந்தக் காவல் எத்தகையது? ரமளான் இரவில் தராவீஹ் தொழுகையில் இமாம் ஓரிடத்தில் தடுமாறினால், பின்னே நிற்கும் ஹாஃபிஸ் உடனே எடுத்துக்கொடுப்பதை அறிவீர்கள். அதுபோல், ஒரே கணக்கை மூன்று உறுப்புகள் தனித்தனியே செய்ய, இரண்டு எதைச் சொல்கின்றனவோ அதையே ஏற்பது ஒரு முறை. நினைவகத்தை அடிக்கடி மூலப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்துவது மற்றொன்று. துகள் தாக்கியதும் மின்சாரம் தவறான வழியில் பாய்ந்து சில்லே எரிந்துபோகும் அபாயமும் உண்டு. அதைக் கண்ட கணமே மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் தொடங்கும் காவல் சுற்று ஒன்று வேண்டும். இவை ஒவ்வொன்றும் இடத்தையும் மின்சாரத்தையும் கேட்கும். இருப்பதைப் பங்கிட்டுக் குடும்பம் நடத்தும் திறமையே வடிவமைப்பாளரின் திறமை.

முதற் சோதனை

2020 செப்டம்பர் 3 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து புறப்பட்ட வேகா ராக்கெட்டில் 'ஃபை–சாட்–1' என்னும் ஐரோப்பியச் சோதனை விண்ணேறிற்று. ஆறு அலகுப் பெட்டி ஒன்றினுள் பல நிறக் காமிராவும், இன்டெல் நிறுவனத்தின் 'மிரியாட் 2' என்னும் சில்லும் இருந்தன. அச்சில்லு விண்வெளிக்கெனச் செய்யப்பட்டதன்று. ட்ரோன்களில் பயன்பட்ட வகை. கதிர்வீச்சுச் சோதனைகளில் தேறிய பின்னரே அதை அனுப்பினர்.

இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தார் முன்னின்று ஆக்கிய நரம்பு வலையின் மொத்த அளவு 2.1 மெகாபைட். ஒரு படத்தைச் சோதிக்க 1.8 வாட் மின்சாரத்தில் ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்கே தேவைப்பட்டது. அறுபது வாட் குண்டு பல்பு ஒன்று ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கு நேரம் எரிந்தால் எவ்வளவு செலவோ, ஒரு படத்தைத் தீர்ப்பதற்கு ஏறத்தாழ அவ்வளவுதான் செலவு! எழுபது விழுக்காட்டுக்கு மேல் மேகம் மூடிய படத்தை அது ஒதுக்கிவிடும். விண்ணிலேயே மேகத்தைப் பிரித்தறிய முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டு 16 அன்று ஃபை–சாட்–2 ஏவப்பட்டது.

எறிந்தது திரும்பாது

வாசகர்களே! இப்போதுதான் இக்கட்டுரையின் மையத்துக்கு வருகின்றோம்.

சுளகில் புடைக்கும்போது உமியோடு சில மணிகளும் பறந்துவிடுவதுண்டு. தரையில் என்றால் பொறுக்கிக்கொள்ளலாம். விண்ணில் எறிந்த படம் எறிந்ததே. அந்தக் கணத்தில் அந்த இடம் இருந்த நிலையை இனி எவராலும் படமெடுக்க இயலாது. மேகத்தைத் தெளிவென்று எண்ணி வீணாக ஒரு படத்தை இறக்குவதும் பிழைதான்; தெளிந்த படத்தை மேகமென்று எறிவதும் பிழைதான். ஆனால் இரண்டும் ஒரே நிறையுடையவை அல்ல. முதற்பிழை சில நொடி வானொலி நேரத்தை வீணாக்கும். இரண்டாம் பிழை ஒரு சாட்சியத்தையே அழித்துவிடும்.

ஃபை–சாட் வலையை ஆக்கியவர்கள் இதை உணர்ந்திருந்தனர். மொத்தத்தில் 92 விழுக்காடு சரியாகத் தீர்க்கும் அவ்வலையில், நல்ல படத்தை எறியும் பிழை மட்டும் ஒரு விழுக்காட்டளவில் நிற்குமாறு, அப்பிழைக்குக் கூடுதல் தண்டனை வைத்துப் பயிற்றினர். எந்தப் பிழையைத் தாங்கலாம், எதைத் தாங்கலாகாது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டே சில்லைத் தொட்டனர்.

நம் நாட்டிலும் இதே வினா எழுந்தது. கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே, 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா–எல்1 கலத்தின் முதன்மைச் சூரிய நோக்கியையும் உருவாக்கியது. ஆதித்யா சிறு கலமன்று. அதற்கென எண்ணப்பட்ட முறையும் நரம்பு வலையன்று. ஒளியும் பரப்பும் குறிப்பிட்ட அளவைக் கடந்தால் அடையாளம் காணும் எளிய விதியே. ஆனால் இடர்ப்பாடு ஒன்றே. 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அனுப்பக்கூடிய தகவலுக்கு எல்லை உண்டு. ஆகவே சூரியன் பெரும் வாயுத்திரளை வீசியெறியும் நேரத்துப் படங்களைக் கலமே இனங்கண்டு அவற்றை மட்டும் அனுப்பும் முறையை வகுத்து, 2018இல் விஞ்ஞானிகள் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். அனுப்ப வேண்டிய தகவலை 85 விழுக்காடோ அதற்கு மேலுமோ குறைக்கலாம். அப்போதும் 70 விழுக்காடோ அதற்கு மேலுமோ ஆன வீச்சுகளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர்கள் சோதனையின் முடிவு. எஞ்சியவை? அவை தவறிப்போகக்கூடும் என்பதை மறைக்காமல் எண்ணிக்கையோடு சொன்னதே அறிவு நாணயம். எதையும் எறியாத கண்ணாடித் தட்டுகளின் வழிவந்த நிறுவனமே எறிவதற்கும் கணக்கு வகுக்க வேண்டிய காலம் இது!

பிழையின் இன்னொரு முகமும் உண்டு. மாணவன் எதைப் பார்த்துப் பழகினானோ அதையே அறிவான். மேகம் காணும் முறைகள் பனியையும் வெண்மணலையும் உப்புப் பரப்பையும் மேகமென்று மயங்குவது அறியப்பட்ட குறை. பனி மூடிய நாடுகளின் படங்களையே பார்த்துப் பழகிய வலை ஒன்று, தூத்துக்குடி உப்பளத்தின் மேலே செல்லும்போது என்ன தீர்ப்புச் சொல்லும்? நம் பகுதியின் செம்மண் காட்டையும் வறண்ட கண்மாயையும் தென்னந்தோப்பையும் அதற்குக் காட்டிக்கொடுத்தவர் எவர்? நம் நிலத்தை அறிந்தவர் கற்பிக்காவிட்டால், நம் நிலத்தின் படம் எறியப்பட்டது கூட நமக்குத் தெரியாமல் போகலாம்.

நம் பிள்ளைகளுக்கு எட்டாததா?

இது செல்வ நாடுகளின் வேலை, நமக்கென்ன என்று எண்ணிவிட வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ எடையுள்ள அனுசாட் 2009 ஏப்ரல் 20 அன்று விண்ணேறிற்று. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் எஸ்.ஆர்.எம்.சாட் 2011இலும், சத்தியபாமா பல்கலைக்கழகத்தின் ஒன்றரைக் கிலோ செயற்கைக்கோள் 2016இலும் சென்றன. நம் மாவட்டத்தை அடுத்துள்ள பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் என்னும் இளைஞர் தம் குழுவினரோடு உருவாக்கிய 64 கிராம் எடையுள்ள 'கலாம்சாட்', 2017 ஜூன் 22 அன்று நாசாவின் சிறு ராக்கெட் ஒன்றில் வான்வெளியைத் தொட்டுத் திரும்பியது. அதன் அடுத்த வடிவம் 2019 ஜனவரி 24 அன்று நம் நாட்டு பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டிலேயே சென்றது.

2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி–60 ராக்கெட்டின் நான்காம் அடுக்கு, பணி முடிந்தும் வீணாக விழாமல், 24 கருவிகளைச் சுமந்து சுற்றும் சோதனை மேடையாயிற்று. காராமணி விதையை முளைக்க வைத்த கருவி அவற்றுள் ஒன்று. ஹைதராபாத்தின் 'டேக்மீ2ஸ்பேஸ்' நிறுவனம் அனுப்பிய செயற்கை அறிவுக் கூடம் இன்னொன்று. பயிற்றிய வலையைத் தரையிலிருந்து அனுப்பி விண்ணிலேயே இயக்கிப் பார்ப்பது அதன் நோக்கம். இக்கட்டுரை முழுவதும் பேசிய வேலை நம் நாட்டிலும் தொடங்கிவிட்டது என்பதே இதன் பொருள்.

பெண்மக்களைப் பெற்றோர் ஒன்றை மனங்கொள்ள வேண்டுகிறேன். ஆதித்யா–எல்1 திட்டத்தின் இயக்குநராக இருந்து அதை நடத்திக் காட்டிய நிகர் ஷாஜி அவர்கள் செங்கோட்டையில் பிறந்தவர். அங்கேயே பள்ளிக் கல்வி பெற்று, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் பயின்று, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். பத்தாம் வகுப்போடு பிள்ளையின் புத்தகத்தை மூட எண்ணும் தந்தையர் இவ்வரலாற்றைத் தம் மனைவியரோடு அமர்ந்து ஒரு முறை பேசிப் பார்க்கட்டும்.

தொடங்குவதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. பெருக்கலும் கூட்டலும் அடிப்படையான இக்கலைக்குக் கணிதத்தில் அச்சமின்மை முதல் தேவை. எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலேயே கணிதத்தைக் கைவிடும் பழக்கம் நம் இல்லங்களில் ஒழிய வேண்டும். இஸ்ரோ 2019 முதல் பள்ளி மாணவர்களுக்கென 'யுவிகா' என்னும் பயிற்சியை நடத்தி வந்திருக்கின்றது. அதன் அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். 'சென்டினல்–2' என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்கள் எவருக்கும் இலவசம். ஃபை–சாட் வலைகூட ஏவுமுன் அப்படங்களைக் கொண்டே பயிற்றப்பட்டது. கல்லூரியில் பயிலும் பிள்ளை ஒருவர், வடகிழக்குப் பருவத்தில் நம் சமவெளியின் மேலெடுத்த படங்களைத் திரட்டி, எது மேகம், எது கண்மாய், எது பாறை என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தால், அதுவே ஒரு வலையைப் பயிற்றும் பாடநூலாகும். அதைச் செய்யச் சாதாரணக் கணிப்பொறியும் நிலத்தை அறிந்த கண்ணும் போதும். அந்தக் கண் ஐரோப்பாவில் இல்லை. நத்தத்திலும் வேடசந்தூரிலும் ஒட்டன்சத்திரத்திலும் இருக்கின்றது.

சுளகை எவர் வேண்டுமானாலும் முடையலாம். ஆனால் எது மணி, எது உமி என்பதை அந்த மண்ணில் விளைவித்தவரே அறிவார். விண்ணிலே சுழலப்போகும் சுளகுகளுக்கு அதைக் கற்பிக்கும் இடத்தில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டாமா? சிந்தியுங்கள், இன்றைக்கே உங்கள் வீட்டுப் பிள்ளையின் கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள்.